முதல் வகுப்புக்கு முந்தைய இரண்டு மாதங்கள்: வீட்டில் பழக்க வேண்டியவை

ஜூன் மாதம் முதல் வகுப்பில் சேரப்போகும் குழந்தையை வைத்துக்கொண்டு, எதிலிருந்து தொடங்குவது என்று ஏப்ரல் மாதத்தில் யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கு முன், பன்னிரண்டு உயிரெழுத்துகளையும் நூறு வரையிலான எண்களையும் அவளுக்கு எழுதப் பழக்கிவிட்டு, எல்லா ஆயத்தமும் முடிந்துவிட்டதாக நம்பியிருந்தேன். முதல் நாள் மாலை அழைத்துவரச் சென்றபோது, நனைந்த உடையோடு சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். புதிதாகத் தைத்த காற்சட்டையின் கொக்கியை அவளால் கழற்ற முடியவில்லை; சிறுநீர் கழிப்பதற்கு எங்கள் வீட்டில் வழங்கும் செல்லச் சொல்லை இரண்டு முறை சொல்லிப் பார்த்திருக்கிறாள், வேறு மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஆசிரியைக்கு அது விளங்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. எழுத்தைப் பள்ளியில் கற்றுக்கொடுப்பார்கள். கொக்கியைக் கழற்றுவதையும், வேண்டியதை அயலார் ஒருவரிடம் கேட்பதையும் நான்தான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். இப்போது இளையவன் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்குச் செல்ல ஆயத்தமாகிறான். இந்த முறை வரிசையை மாற்றிக்கொண்டேன்.

கழிப்பறையும் உடையும்

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைத் தொடங்க வேண்டும், ஏனெனில் இதற்குத்தான் நாள் அதிகம் பிடிக்கும். உட்காரும் வகைக் கழிப்பறை உள்ள வீட்டில் வளர்ந்த குழந்தை, பள்ளியில் குந்தி அமரும் கழிப்பறையைக் கண்டதும் தயங்கி நிற்கும். கால்களை எங்கே வைப்பது, உடையை எப்படிச் சுருட்டிப் பிடிப்பது, விழுந்துவிடாமல் எப்படி எழுவது என்பவை எல்லாம் அதற்குப் புதியவை. வீட்டில் அத்தகைய கழிப்பறை இல்லையென்றால் உறவினர் வீட்டிலோ பாட்டி ஊரிலோ பழக்கலாம். முதலில் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து விளையாடும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். கூழாங்கல் பொறுக்குவது, கீரைப் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலைகள் கால்களுக்கு அந்த வலுவைத் தருகின்றன.

தானே கழுவிக்கொள்வது அடுத்த படி. பெரிய குவளை நிறையத் தண்ணீர் எடுத்தால் ஐந்து வயதுக் கையால் அதைச் சாய்த்துப் பிடிக்க முடியாது. எனவே பாதியளவு மொண்டு, வலக்கையால் பின்புறமாக ஊற்றி, இடக்கையால் கழுவப் பழக்க வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் சரியாக வராது, நீங்கள் மறுபடியும் கழுவிவிட வேண்டியிருக்கும். ஆனாலும் முதல் முயற்சியைக் குழந்தையே செய்யட்டும். பெண் குழந்தைகளுக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவ வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு வாளியில் தண்ணீர் எடுத்து ஊற்றுவது, கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வருவது என்பதுவரை ஒரே தொடர்ச்சியாகப் பழக்கினால், குழந்தை அதை ஒரே வேலையாகவே நினைவில் வைத்துக்கொள்ளும்.

பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் காலை முதல் மாலைவரை அடக்கிக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அடக்குவதற்காகவே தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுவார்கள். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அதைத் தொடர்ந்து வரும். ஆகவே பள்ளி திறப்பதற்கு முன், சேர்க்கைக்காகச் செல்லும் நாளிலேயே, தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுக் குழந்தையைக் கழிப்பறைவரை அழைத்துச் சென்று காட்டுங்கள். கதவின் தாழ்ப்பாள் அதன் கைக்கு எட்டுகிறதா, உள்ளே தாழிட்டால் மீண்டும் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால், கதவைச் சாத்திவைத்தால் போதும், வெளியே ஒரு தோழி நின்றுகொள்ளலாம் என்று சொல்லிக்கொடுங்கள்.

கேட்கும் வாக்கியத்தையும் பழக்க வேண்டும். உச்சா, மூச்சா, சுச்சூ என்று வீட்டுக்கு வீடு மாறும் சொற்களை ஏப்ரலிலேயே கைவிட்டு, "டீச்சர், நான் பாத்ரூம் போகணும்" என்னும் ஒரே வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் கேட்கும்படி உரக்கச் சொல்லப் பழக்குங்கள். அப்பாவிடம், அத்தையிடம், பக்கத்து வீட்டு அம்மாவிடம் என்று வெவ்வேறு ஆட்களிடம் சொல்லிப் பார்க்கட்டும். "எனக்குத் தண்ணி வேணும்", "வயிறு வலிக்குது", "இது எனக்குப் புரியலை" என்பவற்றையும் இவ்வாறே பழக்கலாம். கடைக்குப் போகும்போது ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கடைக்காரரிடம் குழந்தையே கேட்டு வாங்கட்டும். நாம் குறுக்கே பேசாமல் நிற்பதுதான் அந்த நேரத்தில் நமக்குள்ள கடினமான வேலை.

உடையைப் பொறுத்தவரை, முதல் வகுப்புக் குழந்தைக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த காற்சட்டையோ பாவாடையோதான் ஏற்றது. கொக்கியும் நாடாவும் வேண்டாம். சீருடை தைக்கக் கொடுத்தால் தையற்காரரிடம் இதைச் சொல்லி வாங்குங்கள். அரசு கொடுக்கும் தைத்த சீருடையாக இருந்தால், அணிவித்துப் பார்த்து, இறுக்கமான இடத்தைப் பிரித்துவிடுங்கள். பித்தான் போடப் பழக்குவதற்கு அப்பாவின் பழைய சட்டையை நாற்காலியின் முதுகில் மாட்டி, குழந்தையை அதன் எதிரே உட்கார வைப்பது எளிது. தன் மார்பைக் குனிந்து பார்த்துப் போடுவதைவிட, எதிரே பார்த்துப் போடுவது விரைவில் கைவரும். பித்தானின் பாதியைக் காஜாவுக்குள் நுழைத்துக் கொடுத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து இழுக்கும் வேலையை மட்டும் முதலில் விடுங்கள்; பிறகு நுழைப்பதையும் விட்டுவிடலாம். புதுச் சட்டையில் காஜா கெட்டியாக இருக்கும் என்பதால் இரண்டு முறை துவைத்தபின் அணிவிப்பது நல்லது. காலணிக்கு ஒட்டும் பட்டை இருந்தால் போதும். கயிறு கட்டும் கலையை இரண்டாம் வகுப்பில் கற்றுக்கொள்ளட்டும். இடக்கால், வலக்கால் குழம்பினால், இரண்டு காலணிகளையும் சேர்த்து வைத்து உட்புறத்தில் பாதிப் பாதியாக ஒரு பூவை வரைந்துவிடுங்கள். பூ சேர்ந்தால் கால் சரி.

சாப்பாடு

கைப்பேசியைக் காட்டி, ஒருவர் பின்னால் ஒருவராக வாயில் ஊட்டிவிட்ட குழந்தை, பள்ளியில் தட்டின் எதிரே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பசியில்லாமல் அல்ல, அடுத்த கவளம் தானாக வரும் என்னும் பழக்கத்தால். நாளுக்கு ஒரு வேளை, அதுவும் மதியச் சாப்பாட்டை மட்டும், தரையில் சம்மணமிட்டு அமர்ந்து தன் கையாலேயே பிசைந்து உண்ணும்படி மாற்றுங்கள். கைப்பேசி அந்த வேளையில் வேறு அறையில் இருக்கட்டும். சோறு இறையும், சட்டையில் குழம்பு வழியும், அரை வயிறுதான் நிரம்பும். அதைப் பொறுத்துக்கொண்டு, மீண்டும் ஊட்டிவிடாமல், நான்கு மணிக்குச் சுண்டலோ பழமோ கொடுத்து ஈடுசெய்யலாம். இரண்டு வாரங்களில் அளவு கூடிவிடுவதை நீங்களே காண்பீர்கள். உண்பதற்கு அரை மணி நேரம் என்று வரையறை வைத்துக்கொள்வதும் தேவை.

அரசுப் பள்ளியில் சேர்ப்பவர்களுக்கு இதில் ஒரு பெரிய துணை இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தின்படி மதியச் சோறும் முட்டையும் கிடைக்கின்றன. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவை சாம்பாரோடு நாள்முறைப்படி பரிமாறப்படுகின்றன. காலை உணவு வகுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால் எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும் என்பதைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கேற்ப வீட்டை விட்டுக் கிளம்புங்கள். இட்லி, தோசையைத் தவிர வேறொன்றையும் காலையில் தொடாத குழந்தையாக இருந்தால், மே மாதத்தில் வாரம் மூன்று நாள் வீட்டிலும் ரவை உப்புமாவும் பொங்கலும் செய்து நாவைப் பழக்குவது உதவும். உணவு ஒவ்வாமை இருந்தால் அதை எழுதி, தலைமையாசிரியரிடமும் சத்துணவுப் பொறுப்பாளரிடமும் நேரில் கொடுங்கள். முட்டை ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கு இது மிகவும் முக்கியம்.

வீட்டுச் சாப்பாடு கட்டிக்கொடுப்பவர்கள், டிபன் பாக்ஸ் வாங்கும்போது குழந்தையைக் கடைக்கு அழைத்துச் சென்று, மூடியை அதையே திறந்து மூடச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். நான்கு பக்கமும் இறுகப் பூட்டும் டப்பாவில் குழம்பு கொட்டாது. ஆனால் திறக்கவும் முடியாது. தயிர்சோறு கொடுப்பதாக இருந்தால், சோற்றைக் குழைய வடித்து, ஆறியபின் காய்ச்சிய பாலை அதிகமாகவும் தயிரைக் கொஞ்சமாகவும் விட்டுக் கலந்தால், உச்சி வெயிலிலும் மதியம்வரை புளிக்காது, இறுகிப்போகவும் செய்யாது. சாம்பார் சாதத்தையும் எலுமிச்சைச் சாதத்தையும் பிசைந்தே கட்டுங்கள். குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவது இந்த வயதுக்குச் சரிவராது. முதல் மாதத்தில் புதிய பண்டம் எதையும் முயன்று பார்க்க வேண்டாம். அறிந்த சுவை ஒன்று கையில் இருப்பது புதிய இடத்தில் குழந்தைக்கு ஆறுதல்.

சான்றிதழ்களும் தடுப்பூசியும்

இவற்றை ஏப்ரலிலேயே முடித்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் ஜூலை 31ஆம் நாள் கணக்குப்படி 5 வயது நிறைந்த குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்கிறார்கள். பிறப்புச் சான்றிதழை எடுத்து, குழந்தையின் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மருத்துவமனையில் பிறந்தவுடன் பெயரின்றிப் பதிவு செய்யப்பட்டு, அப்படியே விடப்பட்ட சான்றிதழ்கள் பல வீடுகளில் இருக்கின்றன. பிறப்பைப் பதிந்த 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்கலாம். பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒன்றாக இருக்கட்டும், ஏனெனில் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படும் பெயர்தான் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்வரை தொடரும். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதக் கடைசியில் அங்கே கூட்டம் மிகும்.

சில பெற்றோரை அச்சுறுத்தும் செய்திகள் உலவுவதால் சட்டம் சொல்வதையும் குறிப்பிடுகிறேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், வயதுச் சான்று இல்லை என்ற காரணத்துக்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. நன்கொடை கேட்பதையும், குழந்தைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைத்துத் தேர்ந்தெடுப்பதையும் அதே சட்டம் தடை செய்கிறது. ஆதார் இல்லையென்பதற்காகச் சேர்க்கையை மறுக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாக்கியது. ஆதார் வைத்திருக்கும் குழந்தைக்கு, 5 வயது நிறைந்ததும் கைரேகையும் கருவிழியும் புதிதாகப் பதிய வேண்டும். 5 முதல் 7 வயதுக்குள் செய்தால் கட்டணம் இல்லை.

5 வயது முடிந்து 6 வயதுக்குள் போட வேண்டிய முத்தடுப்பு ஊசியின் இரண்டாம் ஊக்கத் தவணையை ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் அதற்குரிய நாள் புதன்கிழமை. காய்ச்சலும் ஊசி போட்ட இடத்தில் வீக்கமும் ஓரிரு நாள் இருக்கலாம் என்பதால், பள்ளி திறக்கும் வாரத்துக்குத் தள்ளிப்போடாமல் மே மாதத்திலேயே போட்டுவிடுங்கள். கண்ணையும் காதையும் வீட்டிலேயே முதற்கட்டமாகச் சோதிக்கலாம். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடச் சொல்லி, தெருவின் எதிர்ப்பக்கச் சுவரொட்டியில் இருக்கும் படத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மறு கண். ஒரு கண் மட்டும் மங்கலாக உள்ள குழந்தை அதை ஒருபோதும் சொல்லாது, உலகம் எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகும் குழந்தைக்கும், கூப்பிட்டால் பல முறை "ஆங்?" என்று கேட்கும் குழந்தைக்கும் காதுச் சோதனை தேவை. கரும்பலகை தெரியாமலும் குரல் கேட்காமலும் உட்கார்ந்திருக்கும் குழந்தையை மந்தமானது என்று சொல்லிவிடும் அநீதி நம் வகுப்பறைகளில் இன்றும் நடக்கிறது.

வீட்டுக் கடிகாரம்

கோடையில் நம் வீடுகளில் குழந்தைகள் இரவு பத்தரை மணிக்கு முன் உறங்குவதில்லை. மொட்டை மாடியில் பாய் விரித்து, உறவுக் குழந்தைகளோடு கதை பேசிக் கிடக்கும் அந்த இரவுகளைப் பறிக்க எனக்கு மனமில்லை. மே மாதத்தின் முதல் பாதி அப்படியே போகட்டும். பதினைந்தாம் தேதிக்குப் பிறகு கணக்கைத் தொடங்குங்கள். இந்த வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய பத்து மணி நேரத் தூக்கம் தேவை. காலை ஆறரைக்கு எழ வேண்டுமானால் இரவு எட்டே முக்காலுக்குள் விளக்கை அணைத்தாக வேண்டும். பத்தரைக்கும் எட்டே முக்காலுக்கும் இடையே இருப்பது நூற்று ஐந்து நிமிடங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை பதினைந்து நிமிடம் முன்னுக்கு நகர்த்தினால் இரண்டு வாரங்களில் முடிந்துவிடும்.

இதில் எழுப்பும் நேரத்தை முதலில் நகர்த்துவது முறை. உறக்கம் வராத குழந்தையை எட்டு மணிக்குப் படுக்கவைத்தால் அழுகையும் அதட்டலும்தான் மிஞ்சும்; காலையில் முன்னதாக எழுப்பி, பகல் உறக்கத்தையும் சுருக்கிவிட்டால், இரவு தானாகவே கண் சொக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூடத்தில் தொடர் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும்போது குழந்தையை மட்டும் உறங்கச் சொல்வது நியாயமாகாது. எங்கள் வீட்டில் மாமியாரிடம் பணிவோடு கேட்டுக்கொண்டு, எட்டரைக்குத் தொலைக்காட்சியை அணைக்கிறோம். விட்டுப்போன நாடகத்தை மறுநாள் பகலில் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறார்கள். பாட்டி சொல்லும் கதை அந்த இடத்தை எடுத்துக்கொண்டதில், அவருக்கும் மகிழ்ச்சிதான்.

விரலுக்கு வலு

எழுதுவதற்கு முன் விரல் வலுப்பெற வேண்டும். அதற்காக விலை கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை, அடுப்படியே போதும். சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைக் கொடுத்து உருட்டச் சொல்வது, வேர்க்கடலையை உடைப்பது, பட்டாணி உரிப்பது, முருங்கைக்கீரையைக் காம்பிலிருந்து உருவுவது, துணி காயவைக்கும் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது ஆகிய எல்லாமே பென்சில் பிடிக்கும் அதே விரல்களுக்கான வேலைகள். பல்லாங்குழியில் புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக இட்டு வரும் குழந்தை, எண்ணவும் கற்கிறது, தன் முறை வரும்வரை காத்திருக்கவும் கற்கிறது. வகுப்பறையில் இரண்டாவது இன்னும் அதிகம் தேவைப்படும்.

வாசலில் கோலப்பொடியால் நீங்கள் புள்ளி வைத்துக் கொடுங்கள், குழந்தை கோட்டால் சேர்க்கட்டும். ட, ப, ம ஆகிய எழுத்துகள் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை. அவற்றைப் போட்ட கை பிறகு சுழிக்கு வருவது எளிது, அ என்னும் எழுத்திலேயே தொடங்கிச் சுழியில் சிக்கிக்கொள்ளத் தேவையில்லை. விசயதசமியன்று பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுதவைத்த நினைவு குழந்தைக்கு இருந்தால், அதே போல் ஒரு தட்டில் பச்சரிசியையோ ரவையையோ பரப்பிக் கொடுக்கலாம். அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம் என்பதால் பிழையைப் பற்றிய பயம் வராது. வண்ணக்கட்டியை முழுதாகக் கொடுத்தால் உள்ளங்கையில் பொத்திப் பிடிப்பார்கள். இரண்டாக ஒடித்துக் கொடுத்தால் விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும், மூன்று விரல் பிடிப்பு தானாக அமைந்துவிடும். சிலேட்டுப் பல்பத்துக்கும் இதே முறைதான். குழந்தை பல்பத்தைத் தொடர்ந்து தின்றால் அதட்டுவதோடு விட்டுவிடாதீர்கள், இரத்தச் சோகை இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள். இடக்கையால் எழுதும் குழந்தையை வலக்கைக்கு மாற்ற முயலவே கூடாது.

பள்ளிக்கு முன் எவ்வளவு எழுத்து தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, தன் பெயர் எழுதியிருப்பதை அடையாளம் காண முடிந்தால் போதும் என்பேன். பையிலும் தண்ணீர்ப் புட்டியிலும் காலணியிலும் குழந்தையின் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதுங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. பள்ளிக்கே அந்த வரம்பு இருக்கும்போது, மே மாத வெயிலில் நாம் நாலு பக்கம் எழுதச் சொல்வது சரியில்லை.

அச்சுறுத்தாமல் அனுப்புவது

"ஸ்கூல் போனாத்தான் நீ அடங்குவே", "டீச்சர்கிட்ட சொல்லி அடிக்கச் சொல்றேன்", "இந்தச் சேட்டையெல்லாம் அங்கே நடக்காது" என்னும் மூன்று வாக்கியங்களையும் சேர்க்கை முடிவான நாளிலிருந்து ஏறக்குறைய எல்லா வீட்டிலும் கேட்கலாம். தாத்தா, சித்தப்பா, பால்காரர் என்று எல்லோரும் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஐந்து வயதுக் குழந்தை அதை ஒரு தண்டனையின் அறிவிப்பாகவே எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதில் எனக்கு இப்போது தயக்கம் இல்லை. "அவன்கிட்ட ஸ்கூலைப் பத்திப் பயமுறுத்தாதீங்க மாமா, நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால், பெரும்பாலானோர் தங்கள் பள்ளிக்கூடத்து மரத்தையோ நண்பனையோ நினைவுகூர்ந்து ஒரு கதை சொல்கிறார்கள். பள்ளியில் குழந்தையை அடிப்பதும் மனம் நோகும்படி துன்புறுத்துவதும் சட்டப்படி குற்றம் என்பதைப் பெரியவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

பள்ளியைப் பற்றி மிகையாகப் புகழவும் வேண்டாம். அங்கே ஒரே விளையாட்டு என்று சொல்லி அனுப்பினால், முதல் மணி நேரத்திலேயே நாம் சொன்னது பொய்யாகிவிடும். நடக்கப்போவதை அதன் வரிசைப்படி சொல்வதே நல்லது: வரிசையில் நிற்பீர்கள், பாட்டுப் பாடுவீர்கள், டீச்சர் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லணும், சாப்பாட்டு மணி அடிக்கும், அப்புறம் கதை, அப்புறம் அம்மா வாசலில் நிற்பேன். வீட்டில் செல்லப் பெயரால் மட்டுமே அழைக்கப்படும் குழந்தை, பதிவேட்டுப் பெயரைக் கேட்டதும் திரும்பிப் பார்ப்பதற்கே பழக வேண்டியிருக்கும். நாளுக்கு இரண்டு முறையாவது முழுப் பெயரால் கூப்பிடுங்கள்.

பிரிந்திருக்கப் பழக்குவதற்குக் கோடை நல்ல வாய்ப்பு. அத்தை வீட்டில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், பிறகு ஒரு முழு நாள் என்று விட்டு வாருங்கள். எப்போதும் சொல்லிக்கொண்டே கிளம்புங்கள். குழந்தை விளையாட்டில் மூழ்கியிருக்கும் நேரம் பார்த்து நழுவுவது அந்த ஒரு நாளைக் காப்பாற்றும், அடுத்த நாள் முதல் உங்கள் சேலைத் தலைப்பை விடாது. திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தால் சொல்லாமல், "சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் வருவேன்" என்பது போல் நிகழ்ச்சியால் சொல்லுங்கள். சொன்ன நேரத்துக்குக் கண்டிப்பாக வந்துவிடுங்கள்.

உடல் பாதுகாப்பையும் இந்த நாள்களிலேயே பேசிவிட வேண்டும். குளிப்பாட்டும்போது, உள்ளாடை மறைக்கும் இடங்களைப் பிறர் தொடக் கூடாது, தொட்டால் வேண்டாம் என்று கத்திவிட்டு ஓடி வர வேண்டும், யார் மிரட்டினாலும் அம்மாவிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அம்மா திட்டமாட்டேன் என்று இயல்பான குரலில் சொல்லுங்கள். கைப்பேசி எண்ணின் பத்து இலக்கங்களை ஐந்து ஐந்தாகப் பிரித்து, ஒரு பாட்டின் தாளத்தில் சொல்லவைத்தால் ஒரு வாரத்தில் மனப்பாடமாகும். மாலையில் அழைத்துவரும் ஆட்கள் இருவர் மட்டும் என்று முடிவு செய்து, அவர்களின் பெயரை ஆசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பது வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும்.

ஒத்திகையும் முதல் வாரமும்

பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரத்தில் இரண்டு நாள் முழு ஒத்திகை வையுங்கள். ஆறரைக்கு எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, பையை மாட்டிப் பள்ளி வாசல்வரை நடந்து சென்று திரும்புங்கள். எனக்குப் பத்து நிமிடமாகும் தொலைவு என் மகனின் நடையில் இருபத்திரண்டு நிமிடமானது. வழியில் ஒரு கன்றுக்குட்டி கட்டியிருக்கிறது, அதைத் தொடாமல் அவன் நகரமாட்டான் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அந்தக் கன்றுக்குட்டிக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கியிருக்கிறேன். பெண் குழந்தையாக இருந்தால் தலைவாரும் நேரத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். இரட்டைச் சடை பின்ன என் கணவர் கற்றுக்கொண்ட பிறகுதான் எங்கள் வீட்டுக் காலை நேரம் சீரானது. வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் இரவே காய் நறுக்கி, சீருடையையும் உள்ளாடையையும் காலுறையையும் ஒரே கொக்கியில் மாட்டி, பையை வாசலருகே வைத்துவிட்டால், காலையில் தேடுவதற்கு ஒன்றும் இருக்காது.

முதல் நாள் வாசலில் அழுதால் ஒரு முறை அணைத்து, எப்போது வருவோம் என்பதைச் சொல்லி, ஆசிரியரிடம் கையைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சன்னலோரம் நின்று எட்டிப் பார்ப்பதால் அழுகை நீளும். பையில் ஒரு மாற்றுடையும் ஈரத்துணி போட ஓர் உறையும் இருக்கட்டும். புதுமை இருக்கும்வரை சிரித்துக்கொண்டே போன குழந்தை, இரண்டாம் வாரத் திங்கட்கிழமையன்று வரமாட்டேன் என்று அழுவது உண்டு. இது இனி ஒவ்வொரு நாளும் தொடரும் என்பது அன்றுதான் அதற்குப் புரிகிறது. அன்று விடுப்பு எடுக்க விடாமல், ஆனால் கடிந்துகொள்ளாமல் அழைத்துச் செல்லுங்கள். மூன்று, நான்கு வாரங்கள் கடந்தும் நாள்தோறும் வயிற்றுவலி என்றோ, இரவில் படுக்கையை நனைத்தோ தொடர்ந்தால், ஆசிரியரிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பக்கத்தில் உட்காரும் குழந்தையோ கழிப்பறையோ காரணமாக இருக்கலாம்.

மாலையில் வீடு திரும்பியதும் என்ன படித்தாய் என்று கேட்க வேண்டாம். கை கால் கழுவி, ஒரு தம்ளர் பாலும் தின்பண்டமும் முடிந்து, அரை மணி நேரம் கழித்து, பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், இன்று யார் அழுதார்கள், சாம்பாரில் என்ன காய் கிடந்தது என்று கேளுங்கள். தண்ணீர்ப் புட்டியைக் கையில் எடுத்து எடையைப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பியிருந்தால், மறுநாள் காலையில் பள்ளிக் கழிப்பறைக்கு ஒரு முறை குழந்தையோடு சேர்ந்து போய்விட்டு வாருங்கள்.